டைவர்ஸ் ஆயிருச்சு, அவங்க சாமான் இன்னும் நம்ம வீட்ல கெடக்குது, என்ன பண்றது?

கேட்ட தம்பி கொழிஞ்சாம்பாறை பக்கம். பொண்ணு வீடு பொள்ளாச்சி. பாலக்காடு ஃபேமிலி கோர்ட்ல ரெண்டு பேரும் சம்மதிச்சு டைவர்ஸ் வாங்கி எட்டு மாசம் ஆச்சாம். போகும்போது அந்தப் பொண்ணு ரெண்டு சூட்கேஸ் மட்டும் எடுத்துட்டுப் போயிருக்குது. பீரோ, தையல் மிஷின், பேரு வெட்டுன பித்தளைப் பாத்திரம், பட்டுச்சேலை, ஒரு ஸ்கூட்டி எல்லாம் இங்கயே ஒரு ரூம்ல பூட்டிக் கெடக்குது. மெசேஜ் போட்டா நீல டிக் விழுகுது, பதில் வர்றதில்ல. தை மாசம் தம்பிக்கு மறு கல்யாணம், ரூம் வேணும், அம்மா "தூக்கி வெளிய போடுடா"ங்கறாங்க. "விக்கலாமா, எத்தன நாள் வெச்சிருந்தா நமக்குச் சொந்தம்?"னு கேட்டிருக்கறாரு.

முதல்ல நான் யாருன்னு சொல்லீரறேன். வக்கீல் இல்லீங்க, வக்கீல் குமஸ்தா. சித்தூர் கோர்ட்ல 23 வருஷம். (ஆந்திரா சித்தூர் இல்ல, நம்ம பாலக்காட்டு சித்தூர், ஃபோன்ல சொன்னா பாதிப் பேரு அங்க போயிடறாங்க.) இந்த மாதிரி சாமான் பஞ்சாயத்து மட்டும் எத்தனையோ பாத்திருக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

எத்தன நாள்ங்கறதுக்கு பதில், எத்தன நாள் ஆனாலும் ஆகாதுங்க. முப்பது நாள், ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சா வெச்சிருக்கறவனுக்குச் சொந்தம்னு நம்ம நாட்ல இதுக்கு ஒரு சட்டமும் கெடையாது. யாரோ சொன்னாங்கன்னு நம்பி பழைய பாத்திரக் கடைக்குப் போட்டவங்க கதை பின்னாடி சொல்றேன்.

பொண்ணுக்கு கல்யாணத்துக்கு முன்னாடி, கல்யாணத்துல, அதுக்கப்பறம் அவ கைக்குன்னு கொடுத்தது எல்லாம் சீதனம், அது அவளோட தனிச்சொத்து. அவங்கப்பன் போட்ட நகையும் சரி, நீங்களோ உங்கம்மாவோ அவளுக்குன்னு போட்டதும் சரி. முகூர்த்தச் சேலை நாங்க எடுத்ததுதானேன்னு கேப்பீங்க. எடுத்தது நீங்க, கொடுத்தது அவளுக்கு, அப்ப அவளுதுதான். 1985லயே சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லீருச்சு, சீதனத்த புருஷன் கையில கொடுத்து வெச்சிருந்தா அவரு அதுக்குக் காவல்காரன் மாதிரி, ஓனர் இல்ல, திருப்பிக் கேட்டும் தரலைன்னா நம்பிக்கை மோசடின்னு கிரிமினல் கேஸே வரும்னு. அப்ப அது ஐபிசி 406, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். 2024 ஜூலை 1ல இருந்து நடந்ததுக்கு ஐபிசிக்குப் பதிலா வந்த புதுச் சட்டம், பிஎன்எஸ் 316, அஞ்சு வருஷம் வரைக்கும். கூடியிருக்குது பாத்தீங்களா.

2024 ஏப்ரல்ல நம்ம கேரளாக் கேஸ் ஒண்ணு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 89 பவுன். கல்யாணத்தன்னைக்கு ராத்திரியே பத்திரமா வெக்கறேன்னு புருஷன் வாங்கி அவங்கம்மா கையில கொடுத்துட்டாரு, கடன அடைக்க அது போயிருச்சுன்னு பொண்ணு சொன்ன கேஸ். கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, கஷ்ட காலத்துல புருஷன் அத எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனா திருப்பித் தர்ற கடமை அவனுக்கு இருக்குது, சீதனம் ரெண்டு பேருக்கும் பொதுச் சொத்து இல்ல. 25 லட்சம் கொடுக்கச் சொன்னாங்க. அதனால கடைசில "ஒரு செயின் என் பேர்ல அடகுல இருக்குது, மூணு பவுன்"னு ஒரு வரி போட்டிருக்கறீங்களே, தம்பி, அதுதான் உங்க கேள்விலயே பெரிய விஷயம், நீங்க அத சும்மா போற போக்குல எழுதியிருக்கறீங்க. பீரோவ விட அத மொதல்ல பாருங்க. ஏல நோட்டீஸ் உங்க அட்ரஸ்க்குத்தான் வரும், அந்தப் பொண்ணுக்கு வராது, ஏலம் போயிருச்சுன்னா அன்னைக்குத் தங்கம் என்ன வெலையோ அந்த வெலைக்கு நீங்க பதில் சொல்லணும். இன்னைக்கு வெலை உங்களுக்கே தெரியும்.

அடுத்தது உங்க டைவர்ஸ் டிகிரி, அதாவது கோர்ட் தீர்ப்புக் காப்பிய எடுத்துப் படிங்க. நெசமாத்தான் சொல்றேன், பத்துல எட்டு பேரு அத வாங்கி ஃபைல்ல வெச்சதோட சரி. சம்மதத்தோட போடற பெட்டிஷன்ல "பொன்னும் பண்டமும் பரஸ்பரம் திருப்பிக் கொடுத்தாச்சு, இனி ஒருத்தர் மேல ஒருத்தருக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்ல"ன்னு ஒரு பாரா எப்பவும் இருக்கும். நாங்க டைப் அடிக்கறப்பவே அது பழக்கத்துல விழுந்துடும், நெசமா திருப்பிக் கொடுத்தாங்களான்னு யாரும் பீரோவத் தொறந்து பாத்துட்டு அடிக்கறதில்ல. அந்த பாரா உங்களுதுல இருந்தா உங்களுக்குக் கொஞ்சம் பலம்தான். ஆனா சாமான் உங்க வீட்லயே இருக்குதுங்கறத உங்க வாட்ஸாப் மெசேஜே சொல்லுதே, "வந்து எடுத்துக்கோ"ன்னு நீங்களே எட்டு மாசமா அனுப்பீட்டு இருக்கறீங்க. அப்பறம் கொடுத்தாச்சுன்னு எப்படிச் சொல்வீங்க? அதனால அந்த பாராவ நம்பி விக்கப் போயிடாதீங்க.

இப்ப அந்த அண்டா கதை. எங்க ஆபீஸ்க்கு வந்த ஒரு குடும்பம், ஊர் பேரெல்லாம் வேண்டாம். பொண்ணு போனதுக்கப்பறம் மாமியார்க்காரம்மா பித்தளை அண்டா, குடம், குத்துவெளக்கு எல்லாத்தையும் பழைய பாத்திரம் மாத்தறவன்கிட்டப் போட்டு எவர்சில்வர் வாங்கீட்டாங்க. வெலை பாத்தா சில ஆயிரம் தான். அப்பறம் ரெண்டு பக்கமும் பேசி, பணம் எவ்வளவுன்னு முடிவாகி, கையெழுத்துப் போட உக்காந்தாங்க. அந்தப் பொண்ணு, "எங்க அம்மிச்சி பேரு வெட்டுன அண்டா எங்கே?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. அதோட நின்னு போச்சு. ரெட்டை எடைல புது அண்டா வாங்கித் தர்றோம்னாங்க, வேண்டாம்னுட்டா. பணம் சேத்தித் தர்றோம்னாங்க, அதுவும் வேண்டாம். ஒரு வருஷத்துக்கு மேல இழுத்துச்சுங்க அந்த ஒரு அண்டாவுல. நான் அந்தப் பொண்ணத் தப்பு சொல்ல மாட்டேன். பேரு வெட்டுன பாத்திரம்னா அது வெறும் பித்தளையா? அப்பத்துல இருந்து யாரு வந்தாலும் நான் சொல்றது, தங்கத்துக்கு அடுத்தபடியா பேரு வெட்டுன பாத்திரம், ஃபோட்டோ, சர்ட்டிபிகேட். இதுல கை வைக்காதீங்க.

சரி, என்ன பண்ணணும்னு வருவோம். ஒரு நாள் ஒதுக்கி அந்த ரூமைத் தொறங்க, தனியாத் தொறக்காதீங்க, ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா யாராவது ஒருத்தர், வார்டு மெம்பரோ ரெண்டு வீட்டுக்கும் தெரிஞ்ச பெரியவரோ கூட இருக்கட்டும். ஃபோன்ல வீடியோ ஓடட்டும், பூட்டுத் தொறக்கறதுல இருந்து. ஒவ்வொண்ணா வெளிய எடுத்து லிஸ்ட் எழுதுங்க. "பாத்திரம் ஒரு மூட்டை"ன்னு எழுதாதீங்க. பித்தளை அண்டா 1, பேரு வெட்டுனது. எவர்சில்வர் குடம் 2. பட்டுச்சேலை 6, கலர் போட்டு. தையல் மிஷின் 1, ஓடற கண்டிஷனா இல்லையா. பீரோவுக்குள்ள லாக்கர் இருக்கும், அத ஒடைக்காதீங்க, சாவி இல்லைன்னா "லாக்கர் பூட்டியிருக்குது, தொறக்கல"ன்னு எழுதி அப்படியே ஒரு டேப் ஒட்டி கையெழுத்துப் போட்டுருங்க. பின்னாடி "லாக்கர்ல ரெண்டு ஜோடி வளையல் இருந்துச்சு"ன்னு வர்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் வேற இல்ல.

கல்யாணத்தப்ப ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு பரிசுப்பொருள் லிஸ்ட் வெச்சிருக்கணும்னு 1985லயே மத்திய அரசு ரூல் போட்டிருக்குது, வரதட்சணைத் தடுப்புச் சட்டத்துக்குக் கீழ. யாரு எழுதறாங்க? நான் இத்தன வருஷத்துல பாத்தது கைவெரல் எண்ணிக்கை தான். மொய் நோட்டு மட்டும் எல்லா வீட்லயும் பத்திரமா இருக்கும்! ஆனா ஒண்ணு, லிஸ்ட் இல்ல, பில் இல்லைன்னா பொண்ணு கேஸ் நிக்காதுன்னு நினைக்காதீங்க. கல்யாணத்துல போட்ட நகைக்கு கிரிமினல் கேஸ் மாதிரி கறாரா ஆதாரம் கேக்கக் கூடாதுன்னு கேரளா ஹைகோர்ட்டே 2025ல சொல்லீருக்குது. கல்யாண ஆல்பம் போதும், கழுத்துல கெடந்தது தெரியுமில்ல.

லிஸ்ட் ஆச்சா, அத ஃபோட்டோவோட அவங்களுக்கு அனுப்புங்க. வாட்ஸாப்ல ஒண்ணு, ஸ்பீடு போஸ்ட்ல கையெழுத்து வாங்கற மாதிரி ஒண்ணு. (பழைய ரெஜிஸ்டர்டு போஸ்ட்ட 2025ல ஸ்பீடு போஸ்ட்டோட சேத்தீட்டாங்க, போஸ்ட் ஆபீஸ்ல போய் ரெஜிஸ்டர்டுன்னு கேட்டு முழிக்காதீங்க.) எழுதற பாஷை முக்கியம் தம்பி. "உன் குப்பையெல்லாம் எடுத்துட்டுப் போ"ன்னு எழுதுனா அது நாளைக்கு கோர்ட்ல உங்களுக்கு எதிரா வாசிப்பாங்க. இப்படிப் போதும்: "உங்களுக்குச் சேர வேண்டிய கீழ்க்கண்ட பொருள்கள் என் வீட்டில் பத்திரமாக உள்ளன. ஒரு மாதத்துக்குள் உங்களுக்கு வசதியான தேதியைச் சொல்லுங்கள். நீங்களோ, நீங்கள் எழுத்தில் சொல்லி அனுப்பும் ஆளோ வந்து எடுத்துக்கொள்ளலாம். வண்டி வைத்து அனுப்பவும் தயார்." பழசு எதையும் இழுக்காதீங்க, ஒரு வார்த்தை கூட. மெசேஜ டெலீட் பண்ணாதீங்க, அந்த ஃபோனையும் மாத்தாதீங்க, வாட்ஸாப்ப கோர்ட்ல காட்டணும்னா புது சாட்சியச் சட்டம் 63ம் பிரிவுப்படி சர்ட்டிபிகேட் போட வேண்டி வரும், ஃபோன் கையில இருந்தா சுலபம்.

தேதி விஷயத்துல நம்ம ஊருப் பழக்கத்தையும் பாத்துக்கங்க. தை மாசம் கல்யாணம்னா மார்கழில சாமான் எடுக்கறேன்னு எந்தப் பொண்ணு வீட்டுக்காரரும் வர மாட்டாங்க, ஆடி மாதிரித்தான் அதுவும். அப்ப ஐப்பசி, கார்த்திகைக்குள்ள முடிச்சாகணும். அது துலாவர்ஷ மழைக் காலம், சாயங்காலமானா இடி இடிச்சுட்டுக் கொட்டும், அதனால காலைல வண்டி, மேல தார்ப்பாய். சின்ன விஷயமாத் தெரியும், பீரோவும் பட்டும் நனைஞ்சுட்டா வேணும்னே நனைச்சாங்கன்னு ஒரு புதுச் சண்டை. அதுவரைக்கும் அந்த ரூம்லயே வெச்சிருங்க, மாட்டுக் கொட்டாய்க்கோ தேங்காய் போடற ஷெட்டுக்கோ மாத்தாதீங்க. 1872 காண்ட்ராக்ட் சட்டத்துலயே இருக்குது, அடுத்தவங்க பொருள் நம்மகிட்ட இருந்தா நம்ம பொருள எப்படிப் பாத்துப்போமோ அப்படிப் பாத்துக்கணும்னு. சேலைய மட்டும் ஒரு தரம் நெழல்ல காத்தாட விட்டு மடிச்சு வைங்க. நம்ம பக்கம் எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) முடிஞ்சு தொறந்தா பட்டுல பூசணம் பூத்திருக்கும், உங்களுக்கே தெரியும்.

ஸ்கூட்டி. ஆர்சி அவங்க பேர்லன்னா, டிஎன் 41 நம்பர்ன்னு சொல்றீங்க, ஒரு நாளும் ஓட்டாதீங்க. அவசரத்துக்குக் கடைக்குக் கூட. எங்காவது இடிச்சா ஆர்சில பேர் இருக்கறவங்க தான் நஷ்ட ஈடு கட்டணும்னு 2018ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, அப்ப நீங்க ஓட்டி அவங்க கட்டணும், அந்தக் கோபத்துல என்ன கேஸ் வரும்னு யோசிங்க. பேட்டரி வயரக் கழட்டி வெச்சுட்டு சாவியையும் ஆர்சியையும் லிஸ்ட்ல எழுதுங்க. மாப்பிள்ளைக்குன்னு கொடுத்த பைக் வேற கதைங்க. அது கேட்டு வாங்குனதா இருந்தா வரதட்சணை, வாங்குனவன் அத அந்தப் பொண்ணு பேருக்கே மாத்திக் கொடுக்கணும்னு 1961 சட்டம் ஆறாம் பிரிவு சொல்லுது. பிரியமாக் கொடுத்ததுன்னா பேசித் தீத்துக்கலாம். என்னக் கேட்டா, கௌரவமா இருக்கணும்னா அதையும் கொடுத்துடறது தான், ஆனா அது என் அபிப்பிராயம், சட்டம் இல்ல.

சர்ட்டிபிகேட், ஆதார், பேங்க் பாஸ்புக், பாஸ்போர்ட் ஏதாவது பீரோல கெடந்தா மத்த சாமானுக்குக் காத்திருக்காம இன்னைக்கே அனுப்பீருங்க. பாஸ்போர்ட் அவங்க சொத்து கூட இல்ல, மத்திய அரசோட சொத்து, அத வெச்சுட்டு பேரம் பேசற ஆளுங்களை நான் பாத்திருக்கறேன், கடைசில அவங்க தான் ஸ்டேஷன்ல கை கட்டி நின்னாங்க. பழைய ஃபோன், லேப்டாப் இருந்தா ஆன் பண்ணிப் பாக்காதீங்க. உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கற ஆசை வரும், வரத்தான் செய்யும், ஆனா அது ஐடி சட்டத்துல குத்தம், அதுக்கு மேல உங்க தூக்கமும் போயிரும்.

இப்ப முக்கியமான ஒண்ணு, பல பேரு இதுல தான் ஏமாறறாங்க. பொண்ணு வராது, அப்பாவோ அண்ணனோ தான் வண்டி எடுத்துட்டு வருவாங்க. "அவங்கப்பன்கிட்டத் தானே கொடுத்தோம்"னு நீங்க நிம்மதியா இருப்பீங்க. 2024 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் ஒரு தெலங்கானா கேஸ்ல என்ன சொல்லுச்சுன்னா, டைவர்ஸ் ஆன மகளோட சீதனத்த மகள் அதிகாரம் கொடுக்காம அப்பன் கேக்க உரிமை இல்லை, அது அவ ஒருத்தியோடதுதான்னு. அப்ப அப்பன் கையில கொடுத்தது அவளுக்குக் கொடுத்ததா ஆகாது, அவ ஒப்புக்கிட்டா ஒழிய. அதனால "எங்கப்பா கையில கொடுத்துருங்க"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட இருந்து ஒரு லெட்டரோ, அவ நம்பர்ல இருந்து ஒரு மெசேஜோ வந்ததுக்கு அப்பறம் தான் வண்டில ஏத்தணும். ஏத்தும்போது லிஸ்ட் ரெண்டு காப்பி, ஒவ்வொண்ணுக்கும் நேரா டிக், கீழ வாங்கறவரு கையெழுத்து, கொடுக்கறவரு கையெழுத்து, ரெண்டு சாட்சி. ஒரு சாட்சி அவங்க பக்கத்து ஆளா இருந்தா ரொம்ப நல்லது.

அவங்க உங்க வீட்டுப் படி ஏற மாட்டாங்க, நீங்க அவங்க வீதிக்குப் போக மாட்டீங்கன்னா அதுக்கும் வழி இருக்குது. எங்க வக்கீல் ஒரு தரம் கோபாலபுரம் பார்டர்ல டீக்கடை முன்னாடி வெச்சு முடிச்சாரு. கேரளா வண்டில இருந்து சாமான எறக்கி தமிழ்நாட்டு குட்டியானைல ஏத்துனாங்க, எறங்க எறங்க டிக். ரெண்டு குடும்பமும் ரெண்டு பக்கம் நின்னுது, ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கல, டீ மட்டும் யாரோ ஒருத்தர் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தாரு. ஒரு மணி நேரம். எலக்ஷன் நேரமா இருந்தா மட்டும் நகைய இப்படி ரோட்டுல வெச்சுக் கொடுக்காதீங்க, பறக்கும் படை நிறுத்துனா யாரு நகை, பில் எங்கேன்னு பதில் சொல்லி முடியாது. நகைய வக்கீல் ஆபீஸ்லயோ பேங்க்லயோ வெச்சு, எடை போட்டு, எடை சீட்டோட கொடுக்கறது தான் முறை.

ஒரு மாசம் ஆச்சு, பதிலே இல்ல, அப்பறம்? வக்கீல் மூலமா ரெண்டாவது நோட்டீஸ். அதுலயும் சத்தம் இல்லைன்னா நீங்களே ஃபேமிலி கோர்ட்ல போய் இந்தச் சாமான அவங்க எடுத்துக்கச் சொல்லி உத்தரவு கேக்கலாம். புருஷன் பொண்டாட்டியா இருந்தவங்களுக்குள்ள சொத்து விவகாரம் ஃபேமிலி கோர்ட் தான், 1984 சட்டம் ஏழாம் பிரிவு, எந்த மதமா இருந்தாலும். நம்ம பாலக்காட்டு ராவுத்தர் குடும்பங்களுக்கு இதுக்கு மேல டைவர்ஸ் ஆன முஸ்லிம் பொண்ணுங்களுக்கான 1986 சட்டமே தனியா இருக்குது, கல்யாணத்துல சொந்தக்காரங்களும் புருஷனும் கொடுத்த எல்லாப் பொருளும் டைவர்ஸ் ஆன பொண்ணுக்கு உரிமைன்னு நேராவே எழுதியிருக்குது. கோர்ட்டுக்குப் போக சங்கடமா இருந்தா ஒரு சின்ன ரூம் வாடகைக்கு எடுத்து அங்க மாத்தி, எங்க இருக்குது, சாவி யார்கிட்டன்னு நோட்டீஸ்ல எழுதி வைங்க. நியாயமான செலவ பின்னாடி கேக்கவும் வழி இருக்குது, ஆனா நான் உங்க எடத்துல இருந்தா கேக்க மாட்டேன். ஓட்டைச் செருப்பு, காலாவதி மருந்து, பூச்சி அரிச்ச தலகாணி இந்த மாதிரி மட்டும் "இன்ன தேதிக்குள்ள பதில் இல்லைன்னா இத மட்டும் அப்புறப்படுத்துவோம்"னு லிஸ்ட்ல தனியா எழுதி, ஃபோட்டோ எடுத்துட்டு அப்புறப்படுத்தலாம். மத்தது எதுவும் இல்ல.

அவங்க கேஸ் போடறதுன்னா பொள்ளாச்சில இருந்தே போடுவாங்க, நீங்க தான் பார்டர் தாண்டி ஓடணும். குடும்ப வன்முறைச் சட்டத்துல சீதனத்தத் திருப்பிக் கொடுன்னு மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடலாம், அது அவங்க இருக்கற ஊர்லயே. சிவில் கேஸ பொள்ளாச்சில இருந்து பாலக்காட்டுக்கு மாத்தணும்னா ரெண்டும் வேற வேற ஹைகோர்ட்டுக்குக் கீழ வர்றதால டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்குத்தான் போகணும். ஒரு பஸ் ஏறுனாப் போற தூரம்னு நாம நினைப்போம், கோர்ட் கணக்குல அது டெல்லி வழியாத்தான். இன்னொரு பக்கம், நம்பிக் கொடுத்து வெச்ச பொருளத் திரும்பக் கேட்டு, முடியாதுன்னு சொன்ன தேதில இருந்து மூணு வருஷம் சிவில்ல டைம் இருக்குது. அதனால கோவத்துல "தர முடியாது போ"ன்னு எப்பவாவது மெசேஜ் போட்டிருந்தீங்கன்னா அந்தத் தேதிய உங்க வக்கீல்கிட்ட மறைக்காமச் சொல்லீருங்க.

அம்மாவுக்கு ஒண்ணு சொல்லுங்க. புதுப் பொண்ணு வர்ற வீட்ல பழையவ சாமான் இருக்கக் கூடாதுன்னு அவங்க நினைக்கறது தப்பில்ல, நானும் அதத்தான் சொல்றேன், ஆனா வெளிய போற வழி வாசல் வழியா லிஸ்ட்டோட இருக்கணும், கொல்லப்புறமா இல்ல.

அப்பறம் பீரோவுக்கு ரெண்டு சாவி இருக்கும், ஒண்ணு எப்பவும் அம்மாக்களோட சுருக்குப்பைலயோ சாமி படத்துக்குப் பின்னாடியோ இருக்கும். தேடி எடுத்து ரெண்டையும் கொடுத்துருங்க, ரசீதுல "சாவி 2"ன்னு எழுதுங்க.